தாத்தா கடை நியூட்ரின் டப்பா: வயதைக் கண்டுபிடிக்க

குடியாத்தத்தில் தாத்தாவின் பழைய கடைப் பரணில் கிடைத்த நியூட்ரின் மிட்டாய் டப்பா எந்தக் காலத்தது, அது வேலூர்க் கம்பெனியா என்று கேட்டிருந்தீர்கள்.

வேலூர் இல்லை சார், சித்தூர். 1952-ல் அங்கே தொடங்கினார்கள். ஆனால் "நம்ம ஜில்லா மிட்டாய்" என்று தாத்தா சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1911-ல் தனி மாவட்டமாகும் வரை, நம்ம குடியாத்தமும் சேர்ந்திருந்த வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான்!

சரி, டப்பாவின் வயதுக்கு வருவோம். முகவரியைப் பாருங்கள். ஆந்திரப் பிரதேசம் என்று அச்சிட்டிருந்தால் 1956 நவம்பருக்குப் பிந்தையது. ஆறு இலக்கப் பின்கோடும் இருந்தால் 1972-க்கு முன்னால் போகவே முடியாது. விலை நயா பைசாவில் இருந்தால் அதிர்ஷ்டம்தான், அது 1957 முதல் 1964 வரை மட்டும். கோத்ரெஜ் பெயர் இருந்தால் பழசே இல்லை, அவர்கள் வாங்கியது 2006-ல். அமெரிக்க சாக்லேட் கம்பெனி ஹெர்ஷி அவர்களோடு சேர்ந்தது அதற்கடுத்த வருடம்.

அப்புறம், புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எங்கள் வீட்டு டப்பாவில் எழுத்தெல்லாம் அப்படித்தான் போனது. காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.