ஸ்டேஜிங் தளம்: கோட் மேலே போகட்டும், டேட்டா கீழே மட்டும் வரட்டும்

கேள்வி: வேர்ட்பிரஸ், வூகாமர்ஸில் ஆன்லைன் கடை நடத்துகிறோம். தீம் மாற்றம், பிளகின் அப்டேட் எல்லாவற்றையும் இதுவரை லைவ் தளத்திலேயே செய்தோம். போன அப்டேட்டில் செக்அவுட் பக்கம் உடைந்து, கவனிப்பதற்குள் சில ஆர்டர்கள் கை நழுவிவிட்டன. எங்கள் ஹோஸ்டிங்கில் ஒரே கிளிக்கில் ஸ்டேஜிங் (லைவ் தளத்தின் சோதனை நகல்) அமைக்கும் வசதி உண்டு. அது போதுமா? சப்டொமைனில் நாங்களே அமைப்பதா, லேப்டாப்பில் வைத்துக்கொள்வதா?

பதில்: ஹோஸ்டிங் தரும் ஸ்டேஜிங்கே உங்களுக்குப் போதும். ஒரே நிபந்தனை: சோதனை முடிந்ததும் ‘லைவுக்கு அனுப்பு’ பட்டனை அழுத்தும்போது டேட்டாபேஸைச் சேர்த்து அனுப்பக் கூடாது. ஃபைல்களை மட்டும் அனுப்புங்கள்.

காரணம் இதுதான். திங்கட்கிழமை நகல் எடுக்கிறீர்கள், வியாழன்வரை ஸ்டேஜிங்கில் வேலை நடக்கிறது. அந்த நாட்களில் லைவ் தளத்தில் ஆர்டர் வருகிறது, ஸ்டாக் குறைகிறது, புதியவர்கள் கணக்குத் தொடங்குகிறார்கள். வியாழனன்று முழு டேட்டாபேஸையும் அனுப்பினால் எல்லாம் திங்கட்கிழமை நிலைக்குத் திரும்பிவிடும். பேமென்ட் கேட்வேயில் பணம் வந்திருக்கும், கடையில் ஆர்டர் இருக்காது. ஆர்டர் எண்ணும் பின்னால் போய்விடுவதால், தொலைந்த ஆர்டரின் எண்ணே அடுத்து வரும் வேறொருவருக்குக் கிடைக்கலாம். அதன்பின் கணக்கைச் சரிசெய்வது பெரும்பாடு.

சில ஹோஸ்டிங்குகளில் எந்த டேபிளை (டேட்டாபேஸின் உட்பிரிவு) அனுப்புவது என்று தேர்வு செய்யலாம். பாதுகாப்பானது போலத் தோன்றும், ஆனால் வேர்ட்பிரஸ் டேபிள்கள் அவ்வளவு தெளிவாகப் பிரிந்தவை அல்ல. போஸ்ட்ஸ் டேபிளில் பக்கங்களோடு பொருட்களும் இருக்கின்றன. பழைய கடைகளில் ஆர்டர்களும் அதிலேயே. ஆர்டர்களுக்கான தனி டேபிள்கள் 2023 அக்டோபரில் வந்த வூகாமர்ஸ் 8.2 முதல்தான் புதிய கடைகளுக்கு இயல்பாக அமைகின்றன. ஆப்ஷன்ஸ் டேபிளில் தள முகவரியும் பேமென்ட் கேட்வே அமைப்புகளும் ஒன்றாகக் கிடக்கின்றன. அதை அனுப்பினால் ஸ்டேஜிங்கில் போட்ட டெஸ்ட் மோடும் லைவுக்குப் போய்விடும். வாடிக்கையாளரிடம் பணம் பெற முடியாது.

அப்படியானால் டேட்டாபேஸில் சேரும் அமைப்பு மாற்றங்களை எப்படிக் கொண்டுபோவது? ஸ்டேஜிங்கில் எதைத் தொட்டாலும் உடனே குறித்துவையுங்கள்: எந்தப் பக்கம், எந்த அமைப்பு, முன்பு என்ன, இப்போது என்ன. லைவில் அதே வரிசையில் கையால் செய்யுங்கள். பேஜ் பில்டர் (கோட் எழுதாமல் பக்கம் வடிவமைக்கும் பிளகின்) இருந்தால், வடிவமைப்புகளை அதன் எக்ஸ்போர்ட், இம்போர்ட் வசதியால் மாற்றலாம். இதற்குச் சுருக்குவழி தேடிப் போகாதீர்கள்.

லேப்டாப் நகல், கோட் எழுத நல்லது. கடைசிச் சோதனைக்குப் போதாது. விண்டோஸிலும் மேக்கிலும் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் ஃபைல் திறந்துவிடும். லினக்ஸ் சர்வரில் திறக்காது. கேட்வேயின் வெப்ஹுக்கும் (பணம் வந்ததைத் தளத்துக்குத் தெரிவிக்கும் தானியங்கிச் செய்தி) லேப்டாப்பை நேரடியாக எட்டாது. லைவ் தளத்துக்குள் சப்ஃபோல்டரில் வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள்: மேல் ஃபோல்டரின் ரீடைரக்ட் விதிகளும் குக்கிகளும் ஒன்றோடொன்று மோதும். சப்டொமைனில் நீங்களே அமைப்பதாக இருந்தால் டேட்டாபேஸ் பெயர், ரெடிஸ் கேஷ் (டேட்டாபேஸ் விவரங்களை நினைவகத்தில் வைக்கும் தற்காலிகச் சேமிப்பு) இருந்தால் அதன் ப்ரிஃபிக்ஸ் (பெயர் முன்னொட்டு), இரண்டையும் கான்ஃபிக் ஃபைலில் (wp-config.php) மாற்றியாக வேண்டும். முதலாவதை மறந்தால் நீங்கள் ‘சோதிப்பது’ லைவ் டேட்டாபேஸையே.

எந்த வழியானாலும் பிஎச்பி பதிப்பும் டேட்டாபேஸ் பதிப்பும் லைவில் உள்ளவையாகவே இருக்கட்டும். பேஜ் கேஷ் (தயாரான பக்கத்தைச் சேமித்துவைத்துக் காட்டும் வசதி) ஸ்டேஜிங்கில் இயங்குகிறதா என்றும் பாருங்கள். அது அணைந்திருந்தால், ஒருவரின் கார்ட் இன்னொருவருக்குத் தெரிவது போன்ற பிழைகள் சோதனையில் சிக்காமல் லைவில்தான் தலைகாட்டும்.

நகல் எடுத்ததும் முதல் வேலை, மின்னஞ்சலை நிறுத்துவது. நிலுவையிலுள்ள தானியங்கி வேலைகளும் டேட்டாபேஸோடு சேர்ந்தே நகலாகின்றன. உண்மையான வாடிக்கையாளருக்கே நினைவூட்டல் மெயில் போகும். எல்லா மெயிலையும் பிடித்துவைக்கும் பிளகினைப் போடுங்கள். கேட்வேயை டெஸ்ட் மோடுக்கு மாற்றுங்கள். கான்ஃபிக் ஃபைலில் சூழல் வகையை ‘ஸ்டேஜிங்’ என்று அறிவிக்கலாம், வேர்ட்பிரஸ் 5.5 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் அந்த அறிவிப்பு மட்டும் மெயிலை நிறுத்தாது. வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஃபோன் எண்களைப் போலி விவரங்களாக மாற்றிவிடுவதும் உங்கள் பொறுப்பு.

டேட்டாபேஸிலுள்ள லைவ் தள முகவரியை ஸ்டேஜிங் முகவரியாக மாற்றுவதை ஒரே கிளிக் வசதி பெரும்பாலும் தானே செய்துவிடும். கையால் செய்தால் எஸ்கியூஎல் கட்டளையால் டேட்டாபேஸில் நேரடியாக மாற்றாதீர்கள். பல அமைப்புகள் எழுத்து எண்ணிக்கையோடு சேர்த்துச் சேமிக்கப்படுகின்றன. முகவரியின் நீளம் மாறினால் எண்ணிக்கை பொருந்தாமல் அந்த அமைப்பே படிக்க முடியாமல் போகும். டபிள்யூபி-சிஎல்ஐயின் (வேர்ட்பிரஸின் கட்டளை வரிக் கருவி) சர்ச்-ரீப்ளேஸ் கட்டளை எண்ணிக்கையையும் சரிசெய்யும். முதலில் டிரை-ரன்னாக (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டிப் பாருங்கள். சில பேஜ் பில்டர்கள் முகவரியின் சாய்கோடுகளுக்கு முன் பின்சாய்கோடு சேர்த்துச் சேமிக்கும்; அந்த வடிவத்துக்கு இன்னொரு முறை ஓட்ட வேண்டும்.

ஸ்டேஜிங்குக்குக் கடவுச்சொல் பூட்டு அவசியம். ரோபோட்ஸ் ஃபைலில் (எதைப் படிக்க வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ஃபைல்) தடுப்பது போதாது: வேறெங்காவது இணைப்பு இருந்தால் முகவரி கூகுளில் வரக்கூடும், எஸ்எஸ்எல் சான்றிதழ் வாங்கும்போதே சப்டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பூட்டியபின் கேட்வே வெப்ஹுக் 401 (அனுமதி இல்லை) பிழையோடு திரும்பும். அந்த ஒரு பாதைக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

லைவுக்குப் போகும் நாளுக்கு முன் புதிதாக நகல் எடுத்து, குறித்துவைத்த படிகளை முதலிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். விட்டுப்போன படி அங்கே தெரியும். பிறகு ஆர்டர் குறைவான நேரத்தில் ஃபைல், டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுத்துத் தொடங்குங்கள். பிளகின்களை ஒவ்வொன்றாக அப்டேட் செய்யுங்கள். வூகாமர்ஸுக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். அது டேட்டாபேஸ் அமைப்பையும் மாற்றலாம். பழைய ஃபைல்களைத் திரும்ப வைத்தாலும் அந்த மாற்றம் திரும்பாது. டேட்டாபேஸ் பேக்கப்பை மீட்டாலோ இடையில் வந்த ஆர்டர்கள் போய்விடும். தீம் கோளாறு என்றால் ஃபைல்களை மட்டும் மீட்பதே சரி.

முடிந்ததும் பேஜ் கேஷ், ஆப்ஜெக்ட் கேஷ் (ரெடிஸ் போன்றது), சிடிஎன் (தளத்தின் ஃபைல்களைப் பல ஊர் சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) மூன்றையும் காலி செய்துவிட்டு, லாகின் செய்யாத பிரவுசரில் உண்மையான பணம் கட்டி ஒரு ஆர்டர் போட்டு, ரீஃபண்டும் செய்து பாருங்கள். எரர் லாகை அன்று முழுவதும் கவனியுங்கள்.

சைல்டு தீமிலோ (மூல தீமைத் தொடாமல் மாற்றங்களை வைக்கும் துணை தீம்) சொந்த பிளகினிலோ நீங்களே கோட் எழுதத் தொடங்கினால் அந்த ஃபோல்டரை மட்டும் கிட்டில் (Git, கோட் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வைத்து, அங்கிருந்தே ஸ்டேஜிங்குக்கும் லைவுக்கும் அனுப்புங்கள். அப்லோட்ஸ் ஃபோல்டரும் கான்ஃபிக் ஃபைலும் கிட்டுக்குள் போக வேண்டாம்.