20 மாதமாகியும் பேசவில்லை: காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம். 'அம்மா' தவிர வேறு சொல் வரவில்லை. "அவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான், ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்கிறார் மாமியார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், இந்த வாரமே குழந்தைகள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் குழந்தைகள் சற்றுத் தாமதமாகப் பேசுவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் ஓரிரு மாதம்தான், ஒரு வருடமல்ல. தாமதமாகத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் தாமாகவே சரியாகிவிடுவார்கள். உங்கள் மகன் அவர்களில் ஒருவனா என்பதை வீட்டில் இருந்தபடி கணிக்க முடியாது.

சொற்களை எண்ணுவதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. காக்காயைப் பார்த்தால் விரல் நீட்டிக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா? சைகை காட்டாமல் "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரிகிறதா? இவையெல்லாம் இருந்தால் எனக்குக் கவலை குறையும். இல்லையென்றால் ஆட்டிசத்துக்கான (பிறரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கும் வளர்ச்சி வேறுபாடு) பரிசோதனையும் தேவைப்படும். அதற்கான எம்-சாட் வினாத்தாள் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள்தான்.

எப்படியிருந்தாலும் முதலில் காது. "கதவைச் சாத்தினால் திரும்புறானே" என்பார்கள். கதவுச் சத்தம் கேட்கும் குழந்தைக்கு 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் இப்படி ஆகும். காது கேட்கும் திறனை அளக்கும் ஓஏஇ, பெரா பரிசோதனைகளில் வலியே இல்லை. குழந்தை தூங்கும்போதே செய்வார்கள்.

மற்ற பெற்றோருக்கும் சொல்கிறேன்: 4 மாதத்தில் தலை நிற்காதது, 9 மாதத்தில் பிடிமானமின்றி உட்காராதது, 18 மாதத்தில் நடக்காதது, 2 வயதில் "பால் வேணும்" என இரு சொல் சேர்க்காதது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். (குறைமாதக் குழந்தையென்றால் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.) வந்த பேச்சோ திறமையோ மறைந்தால், எந்த வயதிலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ், டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். உங்கள் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள்.

அதுவரை செல்போனும் டிவியும் வேண்டாம். குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது அவன் முகம் பார்த்துப் பேசி, பதிலுக்குக் காத்திருங்கள். அப்புறம், அவன் விளையாடுவதை இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பிள்ளைகள் ஒடுங்கிவிடுவார்கள். வீட்டில் அவன் எப்படி இருக்கிறான் என்பதை மருத்துவர் பார்க்க அது உதவும்.