தூண்டில் வளைவு கேட்டு மனு போடுவதற்கு முன்

கேள்வி: புதுச்சேரிக்கு வடக்கே, கோட்டக்குப்பம் பக்கம் கடலோரத்தில் எங்கள் வீடு. சின்ன வயதில் வலை உலர்த்த, படகு ஏற்ற தாராளமாக இடம் இருந்தது. இப்போது ஐப்பசி, கார்த்திகையில் அலை சுவரைத் தொடுகிறது. பக்கத்து வீட்டார் சேர்ந்து கருங்கல் இறக்கலாம் என்கிறார்கள். ஊரில் தூண்டில் வளைவு (மணலைப் பிடிக்கக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டும் கல் சுவர்) கேட்டு மனு தயாராகிறது. எதற்குச் சம்மதிக்கலாம்?

பதில்: கல் இறக்க மட்டும் அவசரப்படாதீர்கள். உங்கள் ஊருக்கு வரவேண்டிய மணல் வழியில் நின்றுவிட்டது. அதுதான் மூலக் கோளாறு.

நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. அலை கரையில் சாய்வாக ஏறும், இறங்கும்போது நேராக இறங்கும். ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஆனி மாதக் காலையில் ஒரு கைப்பிடி செங்கல் தூளை அலை நனைக்கும் விளிம்பில் போட்டுப் பாருங்கள். அந்தச் சிவப்பு மெல்ல வடக்கே இழுபடும். வாடைக்காற்று மாதங்களில் இதே ஓட்டம் தெற்கே திரும்பும். ஆனால் வருடக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம், பல லட்சம் கனமீட்டர்.

இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கடலுக்குள் சுவர் நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னையில் 1876-ல் துறைமுக வேலை தொடங்கிய பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது. அதற்கு விலை கொடுத்தது வடக்கே இருக்கும் ராயபுரம் கரை. புதுச்சேரியில் 1986-89-ல் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே அனுப்பும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும் அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்துக் கடற்கரை போனது. கல் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள். கல் முடிந்த இடத்திலிருந்து அரிப்பு வடக்கே நகர்ந்து உங்கள் பக்கம் வந்தது. ஆறுகளில் அணை கட்டியதும் மணல் அள்ளியதும் வரத்தை இன்னும் குறைத்துவிட்டன.

வீட்டின் முன் கல் போட்டால் அலை அதில் மோதித் திரும்பும்போது அடிமணலைத் தோண்டும். கல் புதையும், சரியும், மறுபடி லாரி வரும். கல் வரிசை முடியும் இடத்தில் இருப்பவர் வீட்டை அரிப்பு பிடிக்கும். அதோடு, கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி அனுமதி இல்லாமல் அங்கே எதுவும் கட்டக் கூடாது.

தூண்டில் வளைவும் அடுத்த ஊரின் மணலைப் பிடித்து வைப்பதுதான். நீளம் குறைவாக இருந்து, கட்டும்போதே வளைவுகளுக்கு நடுவே மணல் நிரப்பினால் பாதிப்பு குறையும். வெறும் கல்லாக நீட்டினால், உங்களுக்கு வடக்கே இருக்கும் பொம்மையார்பாளையத்தில் இன்னொருவர் இதே கேள்வியைக் கேட்பார்.

அதனால் மனுவில் முதல் கோரிக்கையாக மணலைக் கேளுங்கள்: துறைமுக வாயில் தூர்வாரும் மணல் ஒவ்வொரு வருடமும் வடக்குக் கரைக்கு வரவேண்டும். இது நடக்கக்கூடியதுதான். தலைமைச் செயலகம் எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்து, தூர்வாரிய மணலையும் கொட்டியபோது புதுச்சேரி நகரத்துக்கே கடற்கரை திரும்பி வந்தது. பெரிய சந்தோஷம் அது. ஆனால் அந்த மணல் நகரத்தோடு நிற்கக் கூடாது. வடக்கே இருக்கும் ஊர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் மனுவுக்கு வலு கூடும்.

அப்புறம், வீட்டு மூலையில் ஒரு குறி வைத்து, ஒவ்வொரு பௌர்ணமியன்றும் ஓதம் ஏறி நிற்கும் கோடுவரை டேப்பால் அளந்து தேதியோடு எழுதுங்கள், அதே இடத்திலிருந்து ஒரு படமும் எடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் போகும் மணலில் ஒரு பங்கு தை முதல் சித்திரைக்குள் தானாகத் திரும்பும். ஒரு சித்திரை அளவை அடுத்த சித்திரை அளவோடு ஒப்பிட்டால்தான் நிரந்தர இழப்பு எவ்வளவு என்று தெரியும். வீட்டு முன்னால் அடும்புக் கொடியோ இராவணன் மீசைப் புல்லோ மிச்சம் இருந்தால் பிடுங்காதீர்கள், காற்றில் வரும் மணலை அவைதான் பிடித்து வைக்கின்றன. இரண்டு சித்திரைக்கு இடையில் கோடு ஐந்து மீட்டருக்கு மேல் உள்ளே வந்திருந்தால், வீட்டுக்குப் புதிதாகச் செலவு செய்யாமல் பின்னால் தள்ளி இடம் தேடத் தொடங்குங்கள்.