ஒரு பக்க மூக்கடைப்பு: சீ.டீ. எடுத்த பிறகும் எம்.ஆர்.ஐ. எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். எட்டு மாதமாக இடது மூக்கு மட்டும் அடைப்பு. சிந்தினால் இரத்தக் கீறல் வருகிறது. சீ.டீ. ஸ்கேனில் மூக்கிலும் கன்னக் குழியிலும் (கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறை) சதை நிறைந்திருப்பதாகச் சொன்னார்கள். இப்போது ஊசிமருந்து போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கண்டிக்கு வரச் சொல்கிறார்கள். பயொப்சி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) அதற்குப் பிறகாம். எம்.ஆர்.ஐ.யிலேயே புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துவிடுமா?

பதில்: முழுதாகத் தெரியாது. ஆனால் பயொப்சியை எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதை எம்.ஆர்.ஐ. காட்டித் தரும். அம்மாவைப் போன்றவர்களுக்கு அதுதான் முக்கியம்.

சீ.டீ.யில் எலும்பு நன்றாகத் தெரியும். ஆனால் கட்டியும், அதன் பின்னால் தேங்கிய சளியும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் டீ2 என்ற வகைப் படத்தில் நீர்த்த சளி பளிச்சென்று வெள்ளையாக, கட்டி மங்கலாகத் தெரியும். கன்னக் குழி முழுக்கக் கட்டி என்று பயந்த சிலருக்கு அங்கே இருந்தது அடைபட்ட சளி மட்டும்தான். ஒரு சிக்கல் உண்டு: காய்ந்து இறுகிய சளியும் பூஞ்சணமும் அதே படத்தில் காற்றைப் போலக் கறுப்பாகி ஏமாற்றும். அதனால் சீ.டீ. படத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வயதில் ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் நாங்கள் நினைக்கும் கட்டிகளில் ஒன்று இன்வேர்ட்டட் பப்பிலோமா. கோவாவைக் குறுக்கே வெட்டினால் உள்ளே தெரியும் மடிப்பு மடிப்பான வரிகள்தான் எம்.ஆர்.ஐ.யில் அதன் அடையாளம். இது புற்றுநோய் அல்ல. ஆனாலும் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு அதற்குள் புற்றுநோய் சேர்ந்திருக்கும். அந்த வரிகள் ஓரிடத்தில் மட்டும் அழிந்து கிடந்தால் அங்கேதான் சந்தேகம். மூக்கின் முன்பக்கத்தில் எட்டிய சதையைக் கிள்ளி எடுத்து, 'ஒன்றுமில்லை' என்று அறிக்கை வந்து ஏமாறுவது இதனால்தான்.

அடுத்தது டிஃபியூஷன் படம். இது திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்பதை அளக்கும். அமத்திக் கட்டிய கொழுந்துச் சாக்கு போலச் செல்கள் நெருங்கியிருந்தால் நீருக்கு அசைய இடமில்லை. அறிக்கையில் ஏ.டீ.சீ. என்று ஒரு எண் இருக்கும். சாதாரணக் கட்டிகளில் பெரும்பாலும் 1.2-க்கு மேல்; 1-க்குக் கீழே இறங்க இறங்கச் சந்தேகம் கூடும்; லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் 0.6, 0.7 வரை இறங்கும். சீழும் இந்த எண்ணைக் குறைக்கும், இயந்திரத்துக்கு இயந்திரம் வித்தியாசமும் உண்டு. எண் நன்றாக இருக்கிறதென்று பயொப்சியை விட்டுவிடாதீர்கள்.

படத்தைத் தெளிவாக்கும் ஊசிமருந்து கட்டிக்குள் ஏறும்போது சில வினாடிக்கு ஒன்றாகத் தொடர்ந்து படம் எடுப்பார்கள். மருந்து மெதுவாக ஏறிக்கொண்டே போனால் சாதாரணக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். சட்டென்று ஏறிச் சீக்கிரம் வடிந்தால் புற்றுநோயை நினைப்போம். ஆனால் இன்வேர்ட்டட் பப்பிலோமாவும் சில வேளை அப்படியே வடியும். மருந்தின் அளவு பொதுவாகக் கிலோவுக்கு 0.2 மில்லிலீட்டர், 50 கிலோ எடைக்கு 10 மில்லிலீட்டர். முன்பே கிரியட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) பார்த்திருக்க வேண்டும். சிறுநீரக நோய் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஸ்கேனைக் கெடுப்பது பெரும்பாலும் சின்ன விஷயங்கள். முதலாவது மூக்குத்தி. தங்கமே ஆனாலும் பார்க்க வேண்டிய இடத்திலேயே படம் நெளிந்துவிடும், டிஃபியூஷன் படம் அதிகம் கெடும். வருடக்கணக்காகப் போட்டது இறுகியிருக்கும். முதல் நாள் இரவே எண்ணெய் தடவி மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். வரவில்லையென்றால் இழுக்காமல் ஸ்கேன் அறையில் சொல்லுங்கள். உலோகப் பல், பேஸ்மேக்கர், பழைய சத்திரசிகிச்சைக் கிளிப் இருந்தாலும் சொல்ல வேண்டும். அரை மணிக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும். இருமல் இருந்தால் முன்பே மருந்து கேளுங்கள். சீ.டீ.யின் அறிக்கை மட்டும் போதாது, பிலிம் அல்லது படம் பதிந்த இறுவட்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.

ஸ்ட்ரோபெரி போலச் சிவந்து, வெள்ளைப் புள்ளிகளோடு தொட்டாலே இரத்தம் வரும் சதை என்றால் அது ரைனோஸ்போரிடியமாக இருக்கலாம். நம் நாட்டில் இருக்கும் நோய்தான், அதை ஈ.என்.டி. வைத்தியர் குழாய்க் கமரா விட்டுப் பார்த்தே பெரும்பாலும் ஊகித்துவிடுவார். இதை வாசிக்கும் வேறு வீட்டில், பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்கம் அடைத்து அடிக்கடி இரத்தம் கொட்டினால், ஸ்கேனுக்கு முன் யாரும் சதை கிள்ளக் கூடாது. இரத்தக்குழாய்க் கட்டியாக இருந்தால் பெருக்கெடுக்கும்.

அம்மாவுக்குக் கன்னம் மரத்தல், மேல்பல் ஆடுதல், கண் பிதுங்குதல், ஒன்று இரண்டாகத் தெரிதல், கழுத்தில் கட்டி, இவற்றில் ஒன்று வந்தாலும் ஸ்கேன் திகதி வரும்வரை காத்திராமல் உடனே ஈ.என்.டி. கிளினிக்கில் காட்டுங்கள். திகதி மாதக்கணக்கில் தள்ளிப் போனால், ஒரு பக்க அடைப்போடு இரத்தமும் வருகிறது என்று சொல்லி, அதைக் கோரிக்கைத் துண்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தால்தான் ஸ்கேன் அறையில் முந்திய திகதி தருவதை யோசிப்பார்கள்.