வலிக்காத பல்லுக்கு டாக்டர் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. 6 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். காலையில் உமிக்கரி போட்டுத்தான் பல் தேய்ப்பார். துப்பும்போது இரத்தம் வருகிறது. வேலை முடிந்தால் வெற்றிலையும் புகையிலையும் வேண்டும். பல் டாக்டரிடம் இதுவரை போனதில்லை. கூப்பிட்டால், “வலிக்காத பல்லுக்கு டாக்டரு எதுக்கு மக்ளே? கிளீன் பண்ணினா இருக்க பல்லும் ஆடிப்போவும்” என்கிறார். அது உண்மையா?

பதில்: இல்லை அம்மா. வலி வரட்டும் என்று காத்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல ஈறு பல் தேய்த்தால் இரத்தம் விடாது. அப்பாவுக்கு விடுகிறது என்றால் ஈறு நோய் தொடங்கியிருக்கக்கூடும். இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, பல் ஆடும்வரை ஆளுக்குத் தெரியாது. சொத்தையும் அப்படித்தான். பல்லின் மேல்பூச்சான எனாமலில் நரம்பு இல்லை. குழி ஆழமாகி நரம்பை நெருங்கிய பிறகுதான் தூக்கம் கெடும். அப்போது சின்ன அடைப்பில் முடிந்திருக்க வேண்டியது வேர் சிகிச்சையில் போய் நிற்கும்.

ரப்பர் மரத்தில் கத்தி எவ்வளவு இறங்கலாம் என்பது அப்பாவின் கைக்கு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். நாங்கள் செய்வதும் அதுதான் என்று சொல்லிப் பாருங்கள். அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி ஆழம் பார்ப்போம். 3 மில்லிமீட்டர் வரை சரி. 5, 6 என்று போனால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிப்போம்.

கிளீன் செய்தால் பல் ஆடும் என்பது ஊர் முழுக்க இருக்கிற பயம். பல்லில் பல வருடமாகப் படிந்து கல்போல் இறுகிய அழுக்கைத்தான் காரை என்கிறோம். அது எலும்பு இழந்த பல்லை அண்டை கொடுத்ததுபோல் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் இருந்த ஆட்டம் வெளியே தெரியும், அவ்வளவுதான். ஆடவைத்தது காரை.

சர்க்கரை இருப்பதால் நான் இன்னும் அவசரப்படுத்துவேன். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு அழுகினால் சர்க்கரை கட்டுக்குள் நிற்காது. உமிக்கரி எனாமலைத் தேய்த்துவிடும். மென்மையான பிரஷும் ஃபுளோரைடு பேஸ்டும் வாங்கிக் கொடுங்கள்.

புகையிலையை விடச் சொல்லி நீங்கள் நிச்சயம் சண்டை போட்டிருப்பீர்கள். இன்றைக்கு ஒன்று செய்யுங்கள்: அப்பாவின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றாலோ, மீன்குழம்பு பட்டாலே வாய் எரிந்தாலோ, வெள்ளை, சிவப்புத் திட்டோ 2 வாரம் ஆறாத புண்ணோ இருந்தாலோ தள்ளிப் போடவே வேண்டாம். வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்த வாய்ப்பு மிக அதிகம்.

எல்லோருக்கும் ஆறு மாதம் என்று கணக்கில்லை. வாய் நன்றாக இருக்கிறவர் வருடத்துக்கு ஒருமுறை காட்டினால்கூடப் போதும். அப்பாவுக்கு முதலில் 3 மாதத்துக்கு ஒருமுறை. ஈறு தேறிய பிறகு இடைவெளியைக் கூட்டலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. மழைக்கு வெட்டு நிற்கும் நாளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள், கூலியும் போகாது. அப்புறம், வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, கடைசியாக எடுத்த சர்க்கரை ரிசல்ட்டைக் கையில் கொண்டு போங்கள்.