‘பேட்டரியை மாத்துங்க சார்’ என்றால் உடனே பர்ஸைத் திறக்காதீர்கள்

காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ப் படுத்துத் தூங்கும் வண்டியான கேம்பர் ட்ரெய்லர் பற்றிப் போன மாதம் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். பெங்களூரில் இத்தனை தமிழர்கள் அதை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது. வந்த கடிதங்களைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: பழைய ட்ரெய்லர் ஒன்று வாங்கினோம். பகலில் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது. நடுராத்திரியில் நின்றுவிடுகிறது, லைட் மட்டும் எரிகிறது. கடைக்காரர் சொன்னதால் பேட்டரியை மாற்றிவிட்டேன். அப்படியும் அதே கதை. இப்போது ‘இன்னும் பெரிய பேட்டரி போடுங்கள்’ என்கிறார். போடலாமா?
– ஃபிரேசர் டவுன் வாசகர்

பதில்: வேண்டாம். முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள். எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ராத்திரி ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளில் ஒருமுறை அளந்து பாருங்கள். அப்புறம் ஃபிரிட்ஜ் பிளக்கில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் கால் வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பேட்டரி மேல் தப்பில்லை, நடுவில் இருக்கும் ஒயர் மேல்தான்.

பகலில் ஓடுவதற்குக் காரணம் உங்கள் கூரையில் இருக்கும் சோலார். வெயிலில் லைனில் 13.5 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், வழியில் ஒரு வோல்ட் தொலைந்தாலும் ஃபிரிட்ஜுக்குத் தெரியாது. ராத்திரி 12.3க்கு இறங்கியதும் அதே இழப்பு ஃபிரிட்ஜைப் படுக்க வைத்துவிடும். பேட்டரியைக் காப்பாற்றுவதற்காக இந்த ஃபிரிட்ஜ்களுக்குள், வோல்ட் இறங்கினால் தானே அணைத்துவிடும் ஒரு கட்-ஆஃப் உண்டு. அதை உயர் நிலையில் வைத்திருந்தால், பெரும்பாலானவை 11 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும்.

இனி நான் கொஞ்சம் கத்தப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் கட்டிக்கொடுப்பவர்கள் வீட்டு லைட்டுக்கு இழுக்கிற 1 ஸ்கொயர் (1 சதுர மில்லிமீட்டர்) ஒயரை இதற்கும் இழுத்துவிடுகிறார்கள். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் ஃபிரிட்ஜ் போச்சு. கணக்கைப் பாருங்கள்: பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 6 மீட்டர், திரும்பி வர 6 மீட்டர், ஆக 12 மீட்டர் ஒயர். 1 ஸ்கொயர் செம்பில் 5 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1.1 வோல்ட் வழியிலேயே காலி. 4 ஸ்கொயர் போட்டால் கால் வோல்ட்தான் போகும். இதற்குப் பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான்.

அதுவாவது செம்பாக இருந்தால் பரவாயில்லை. அலுமினியக் கம்பிக்கு மேலே செம்பைப் பூசி ‘பியூர் காப்பர் சார்’ என்று விற்கிறார்கள். நான் சிக்பேட்டை பக்கம் ஒரு கடையில் ஒரு சுருள் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. திரும்பக் கொண்டுபோனால், ‘கட் பண்ணிட்டீங்களே சார்’ என்றார் கடைக்காரர். கட் பண்ணாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? அந்த ஒயரில் இழப்பு ஒன்றரை மடங்கு. மேலே ஈயம் பூசிய நல்ல செம்பும் வெளியே வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும். கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன்னால் சுரண்டுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

ஒயர் சரியாக இருந்தால் அடுத்து எர்த்தைப் பாருங்கள். நெகட்டிவ் ஒயரை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு (சேசிஸ்) இணைக்கும் இடம் அது. அங்கே பெயின்ட் மேலேயே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள், அதில் துருவும் ஏறியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். ஒயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு எங்கேயாவது இருந்தால் வெட்டி எறிந்துவிட்டு, ஒயர் முனையில் லக் என்ற உலோகக் கொண்டி வைத்து, அழுத்திப் பிடிக்க (கிரிம்ப்) சொல்லுங்கள்.

கேள்வி: 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 போட்டுவிட்டேன். இப்போது பிரச்சினையே இல்லை. சரிதானே?
– ஜாலஹள்ளி

பதில்: சரியில்லை. இன்றைக்கே கழற்றுங்கள். இனி ஃபியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும், பக்கத்தில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: பெங்களூரிலிருந்து சிக்மகளூர் வரை ஐந்து மணி நேரம் காரில் இழுத்துக்கொண்டு போனோம். கார் ஓடும்போது ட்ரெய்லர் பேட்டரியும் சார்ஜ் ஆகும் என்று சொல்லித்தான் விற்றார்கள். போய்ப் பார்த்தால் ஏறவே இல்லை. கார் பிஎஸ்-6.
– எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: உங்களுடையதுபோன்ற புதிய கார்கள் பலவற்றில், எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காகத் தன் பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) வோல்ட்டேஜைக் குறைத்துவிடும். பின்னால் இருக்கிற ட்ரெய்லரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. போதாக்குறைக்கு, கொக்கி பக்கத்து பிளக்கில் வரும் ஒயர் மெலிசு. நடுவில், கார் தரும் வோல்ட்டை ட்ரெய்லர் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். 20 ஆம்பியர் சார்ஜரும் தடித்த ஒயரும் இருந்தால் ஐந்து மணி நேரத்தில் ஏறத்தாழ 100 ஏஹெச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) ஏறிவிடும். லித்தியம் பேட்டரி என்றால் இதைத் தவிர்க்கவே முடியாது, நேராக இணைத்தால் அது இழுக்கிற இழுப்பில் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுவிடலாம். ‘ஓடும்போதே சார்ஜ் ஆகும்’ என்று கொட்டேஷனில் எழுதிக்கொடுத்தாரா? அப்படியானால் சார்ஜரை அவர் செலவில் கேளுங்கள். வாயால் சொன்னதோடு சரி என்றால், உங்கள் செலவில் மாட்டுங்கள்.

கேள்வி: 1000 வாட் இன்வெர்ட்டர் வாங்கினேன். 750 வாட் மிக்ஸியைப் போட்டால் ‘பீப்’ என்று கத்திவிட்டு அணைகிறது.
– கே.ஆர். புரம் வாசகி

பதில்: மிக்ஸி கிளம்புகிற நொடியில் எழுதியிருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 1000 என்பது நொடி நேரத்துக்குத் தாங்குவது, தொடர்ந்து தருவது 500 என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படி ஒன்று என் வீட்டுப் பரணிலும் தூங்குகிறது. பெரிய இன்வெர்ட்டர் வாங்கினாலும் அந்த மிக்ஸி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் இழுக்கும். இட்லிப் பொடி கொண்டுபோங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் ஒருவர் மூலம் 100 ஏஹெச் லித்தியம் பேட்டரி பாதி விலைக்குக் கிடைத்தது. ரொக்கம், பில் இல்லை. எடை 4 கிலோதான், தூக்க வசதி. ஆனால் ஃபேன் நாலு மணி நேரம்கூட ஓடவில்லை.
– மாரத்தஹள்ளி

பதில்: 12 வோல்ட் 100 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பொதுவாகப் பத்து கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். 4 கிலோவுக்குள் அத்தனை மின்சாரத்தை அடைக்க முடியாது. ஆள் தெரியாது, பில் இல்லை, எடையையும் பார்க்கவில்லை. என்னிடம் என்ன கேட்கிறீர்கள்?

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன். ஓய்வூதியப் பணத்தில் ஒரு பட்டறையில் நாலேகால் லட்சம் கொடுத்து ட்ரெய்லர் கட்டினேன். ‘புதிய லித்தியம் பேட்டரி’ என்று பில்லிலேயே இருக்கிறது. ஐந்தாவது மாதம் செத்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் உள்ளே பழைய செல்கள், மேலுறை உரிந்து, இரண்டு உப்பியிருக்கின்றன. ‘சீலை உடைத்துவிட்டீர்கள், வாரன்டி இல்லை’ என்று விரட்டுகிறார்கள். வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள்.
– ஸ்ரீராமபுரம்

பதில்: ஐயா, திட்டு வாங்க வேண்டியவர் நீங்கள் இல்லை. பில் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள், பத்திரமாக வைத்திருக்கிறீர்கள். இந்தப் பக்கத்துக்கு எழுதுபவர்களில் பாதிப்பேர் அதைச் செய்வதில்லை.

முதலில், உப்பிய செல்லைச் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள். வெயில் படாத வெளியிடத்தில், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். செல்களை, பெட்டியை, சீரியல் எண்ணை, பில்லோடு சேர்த்துப் படமெடுங்கள். பட்டறைக்கு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பேச்சுவார்த்தையை போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள்.

மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பட்டறை எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், ஆனால் அத்தனை நாள் காத்திருக்காதீர்கள். பழையதைப் புதியது என்று விற்பதை அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக முறை என்றே சொல்கிறது. அப்புறம் சீல் விஷயம்: உள்ளே பழைய சரக்கை வைத்துவிட்டு அதன் மேல் ஒட்டிய சீலுக்கு என்ன மரியாதை? ஆணையத்தில் இதே கேள்வியைக் கேளுங்கள். என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: ஒரு மாதம் சும்மா நிறுத்தி வைத்தாலே பேட்டரி காலியாகிவிடுகிறதே, ஏன்?
– அல்சூர்

பதில்: கேஸ் அலாரம், ஸ்டீரியோவின் கடிகாரம் எல்லாம் தூங்காமல் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றாலே மாதத்துக்கு 36 ஏஹெச். நிறுத்தியதும் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பேட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்று போடுங்கள். அமில பேட்டரி ஓய்வில் 12.2க்குக் கீழே இருந்தால் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் சீக்கிரம் கெடும்.

கேள்வி: பழைய டியூபுலர் பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா? நல்ல விலை சொல்கிறார்.
– மர்ஃபி டவுன்

பதில்: போடாதீர்கள். எடையைக் குறைக்க அமிலத்தை உங்கள் தெருச் சாக்கடையிலேயே கொட்டிவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு போவார். புதியது வாங்கும் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. இரண்டு கடையில் விலை கேளுங்கள், எக்ஸ்சேஞ்ச் தொகையை பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.