ஹட்டன் தம்பியின் கேள்விக்கு

தம்பி, "அம்மா 30 வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தார், நான் கொழும்பில் கடையில் நிற்கிறேன், இரண்டுக்கும் என்ன அர்த்தம்?" என்று கேட்டிருந்தீர்கள். பாறையை மலை உச்சிக்கு உருட்ட, அது திரும்பத் திரும்பக் கீழே உருண்டுவிடும் தண்டனை பெற்ற கிரேக்கப் புராண சிசிபஸைப் பற்றி பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு சொன்னதைப் படித்ததிலிருந்து, அம்மாதான் அந்தப் பாறையை உருட்டுவதுபோல் தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள்.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். சிசிபஸுக்குத் தண்டனை கொடுத்தது தெய்வங்கள். நம் தோட்டத்து லயம் என்ற வரிசை வீடுகளையும், நாட்சம்பளத்தையும், 1948இல் இலங்கையில் நம் மலையகத் தமிழரிடமிருந்து பறிபோன குடியுரிமையையும் தீர்மானித்தது மனிதர்கள். அது அபத்தம் இல்லை, அநியாயம். 1942இல் காம்யு எழுதிய அபத்தம் வேறு: அர்த்தம் தேடும் மனிதனுக்கு உலகம் பதிலே சொல்லாமல் இருப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மாற்றக்கூடியதையும் விதி என்று விட்டுவிடுவோம்.

என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். விரல் நுனியெல்லாம் கறை ஏறிக் கறுத்து வெடித்திருக்கும். ராத்திரி நான் படிக்கும்போது, ரொட்டி தட்டிக்கொண்டே குப்பி விளக்கைத் தன் பக்கமிருந்து என் பக்கம் நகர்த்தி வைப்பார். நாஜி முகாம்களிலிருந்து மீண்ட வியன்னா மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், வாழ்க்கையிடம் நாம் அர்த்தம் கேட்பதில்லை, அதுதான் நம்மிடம் கேட்கிறது என்றார். அது எனக்குப் புரிந்தது அந்த விளக்கை நினைத்தபோதுதான்.

சரி, தூக்கமும் இல்லை, சாப்பாடும் பிடிக்கவில்லை என்கிறீர்களே, அதற்குத் தத்துவம் போதாது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு இன்றைக்கே பேசுங்கள். அப்புறம் வருகிற போயா (பௌர்ணமி) லீவுக்கு ஊருக்குப் போய், அத்தனை வருடமும் எதை நினைத்துக்கொண்டு மலை ஏறினீர்கள் என்று அம்மாவிடமே கேளுங்கள்.